வளரும் பெண்ணுக்கு ஒரு பைனாகுலர்

எங்கள் ஊர்ப் பல் டாக்டரின் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தால், எதிர்ச் சுவரிலிருந்து ஒரு மான் நம்மைப் பார்க்கும். தலை மட்டும்தான். கழுத்துக்குக் கீழே பலகை. அதன் கண்ணாடிக் கண்களில் அப்படி ஒரு கனிவு, என் கடைவாய்ப் பல்லுக்காக இந்த ஊரில் வருத்தப்படுகிற ஒரே ஜீவன் அதுதான் என்று தோன்றும். ஒருமுறை வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு, மானைக் காட்டி, "இது யார் பண்ணின வேலை?" என்று கேட்டேன். டாக்டர் என் பல்லைத்தான் கேட்கிறேன் என்று எண்ணி, "எனக்கு முன்னால் இருந்தவர். படுமோசமாக அடைத்திருக்கிறார்" என்றார். இங்கே என் உரையாடல்கள் பெரும்பாலும் இந்த லட்சணத்தில்தான் நடக்கின்றன.

நான் மயிலாப்பூரில், அமாவாசையன்று வெங்காயம்கூட வாசல்படி தாண்டாத குடும்பத்தில் பிறந்தவள். பிழைப்பு கொண்டுவந்து தள்ளிய இடம் விஸ்கான்சினின் வடக்கு மூலை. நவம்பர் மாதம் இங்கே பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பு காலியாகிவிடும். காய்ச்சல் ஒன்றும் இல்லை, மான் வேட்டை. கைக்குழந்தையின் எச்சில் துணியிலிருந்து தாத்தாவின் தொப்பி வரை எல்லாவற்றிலும் காட்டு இலை அச்சு. மான் கண்ணில் படாமல் இருக்க உடம்பெல்லாம் இலை அச்சைப் போட்டுக்கொள்வார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் சுட்டுவிடாமல் இருக்க, அதன் மேலேயே கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். இதைப் பார்த்துப் பல வருடங்கள் தனியாகச் சிரித்திருக்கிறேன். சிரிப்பைப் பகிர்ந்துகொள்ள ஆள் கிடையாது. கணவருக்கு எதிலும் அபிப்பிராயம் இருக்காது. என்னையும் பெண்ணையும் பார்த்து, "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்கோ" என்பதே அவருடைய மதம்.

போன வருடம் ஆடி மாதம் சென்னையில் அப்பா போய்விட்டார். டிக்கெட் கிடைக்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கேரன் கதவைத் தட்டினாள். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்று அவளுக்கு யார் சொன்னார்களோ, கையில் மூடிய பாத்திரம். திறந்தால் மான் கறி சாஸேஜ். "நானே சுட்ட மான். என்னிடம் இருப்பதில் உசத்தி இதுதான்" என்றாள். நான் தேங்க் யூ சொல்லி வாங்கிக்கொண்டு, அவள் படியிறங்கியதும் இடுக்கியால் எடுத்துக் குப்பையில் போட்டேன். என் பெண் தாரா பார்த்துக்கொண்டே நின்றாள். "அவ அழுதுண்டே கொண்டு வந்தாம்மா" என்றாள். அவளே போய்ப் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தாள். அங்கே தொடங்கியது எல்லாம்.

பனிக்காலம் முடிவதற்குள் தாரா கேரனோடு காட்டுக்குள் நடக்க ஆரம்பித்திருந்தாள். வசந்தத்தில், பன்னிரண்டு வயதில், வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்துவிட்டு வந்து நின்றாள். எனக்குத் தலை சுற்றியது. "நீ ஒரு மானைச் சுடுவியாடி?" என்றேன். "இந்த வருஷம் இல்லை. கேரன் முதல் சீசன் முழுக்கத் துப்பாக்கியே தர மாட்டா. பைனாகுலர் மட்டும்தான்" என்றாள். துப்பாக்கி மேல் பொருத்திய ஸ்கோப்பால் எதையும் தேடிப் பார்க்கக் கூடாதாம். பார்த்தால் கண் போகிற இடத்துக்கெல்லாம் துப்பாக்கியின் வாயும் போகும், எதிரே இருப்பது மானா மனிதனா என்று தெரிவதற்கு முன்பே. அதனால் முதலில் பைனாகுலரால் பார். என்னவென்று நிச்சயமாகத் தெரிந்த பிறகு மற்றது. இது என் வயிற்றில் கொஞ்சம் பால் வார்த்தது. பார்ப்பதோடு நின்றுவிடாதா என்று ஒரு நப்பாசை.

கேரனோடு எங்கள் ஊர் வேட்டைக் கடைக்கும் போனேன். எங்கள் தெருவில் ஒரு வீட்டின் மாத வாடகை எவ்வளவோ, அந்த விலைக்கு ஒரு பைனாகுலர் விற்கிறார்கள். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்ட ஆண்கள், மானைப் பார்ப்பதைவிட அடுத்தவன் கழுத்தில் தொங்குவது என்ன ரகம் என்றுதான் அதிகம் பார்க்கிறார்கள். கேரன் உதட்டைச் சுழித்தாள். "குழந்தைக்கு இதெல்லாம் வேண்டாம். எட்டு மடங்கு காட்டினால் போதும். பன்னிரண்டு மடங்கு வாங்கினால் கை நடுக்கமும் பன்னிரண்டு மடங்காகத் தெரியும். காலை முழுக்கத் தொங்கினாலும் கழுத்து வலிக்கக் கூடாது. மழையில் கண்ணாடிக்குள் ஆவி படியக் கூடாது. முக்கியமாக, இரண்டு குழலும் அவள் கண்ணளவுக்கு நெருங்கி வர வேண்டும். சின்ன முகம் அல்லவா?" என்றாள். நடுத்தர விலையில் ஒன்றைக் காட்டவும் செய்தாள். ஆனால் நான் யார்? அப்பாவின் வருஷாப்திகத்துக்கு ஆடியில் சென்னை போகப் போகிறோம், அங்கே மலிவாகக் கிடைக்கும் என்றேன். புலம்பெயர்ந்த சக பைத்தியங்களே, உங்களுக்குத் தெரியும். புளியை இங்கே தேடுவோம், பாதாமை அங்கே சுமப்போம். எந்தப் பொருளும் நாம் இல்லாத ஊரில்தான் மலிவு.

அபிராமபுரத்தில் அண்ணா வீட்டில் முதல் நாள் ராத்திரிச் சாப்பாட்டிலேயே தாரா போட்டு உடைத்துவிட்டாள். மன்னி ரசத்தை விட்டுக்கொண்டே, "என்னடி கண்ணா வாங்கணும் உனக்கு? சுடிதாரா?" என்று கேட்டாள். "பைனாகுலர், மாமி. மான் வேட்டைக்கு" என்றாள் இவள். மன்னியின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அண்ணா, சர்க்கரைக்காக அரிசியைக் குறைத்து, கோபத்தைக் குறைக்காமல் வாழ்கிற, ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"என்ன சொல்றது இந்தக் கொழந்தை?"

"சும்மா பார்க்கத்தான் அண்ணா. துப்பாக்கி இல்லை."

"இன்னிக்குப் பார்ப்பா, நாளைக்குச் சுடுவா. நம்மாத்துல கொசுவர்த்தி ஏத்தறதுக்கே அப்பா யோசிப்பார். அவருக்கு முதல் வருஷக் காரியம் பண்ற எடத்துல, வேட்டைக்குப் போற பொண்ணை வெச்சுண்டு நான் எப்படி உக்காருவேன்?"

"அவ இன்னும் ஒண்ணும் பண்ணலையே."

"மனசால பண்ணியாச்சு. அன்னிக்கு அவ ஆத்துல இருக்கப்படாது. நீ வா, உன்னை வேண்டாங்கலை."

மன்னி சமாதானத் தூதராகி, தி. நகரில் நல்ல ஏசி ரூம் போட்டுவிடலாம், குழந்தைக்கும் பொழுதுபோகும் என்றாள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "யாராவது கேட்டா பறவை பார்க்கறதுக்குன்னு சொல்லிடு. நாகரிகமா இருக்கும்" என்றாள். தாரா ஒவ்வொரு ஞாயிறும் தாத்தாவோடு வீடியோவில் பேசி வளர்ந்தவள். அவருக்கு நமஸ்காரம் பண்ணத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தாள். தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் தாத்தா போட்டோவைத் தொடக்கூட மாட்டேன், மாமா. பின்னாடி நிக்கறேன்" என்றாள். அண்ணா மோரை ஊற்றிக்கொண்டான். எனக்கு அந்த மோர்ப் பாத்திரத்தைத் தூக்கி அவன் தலையில் கவிழ்க்க வேண்டும்போல இருந்தது.

இதில் வேடிக்கை, மறுநாள் பைனாகுலர் வாங்க முதலில் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றதும் அவனேதான். "நீ போனா டாலர் வாசனை அடிக்கும். மொட்டை அடிச்சுடுவான்." பாவமான காரியமாக இருந்தாலும் பேரம் பேசாமல் நடக்கக் கூடாது என்பது எங்கள் குலதர்மம். பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு பழைய கேமராக் கடை. "பறவை பார்க்க" என்றான் அண்ணா, கடைக்காரர் கேட்பதற்கு முன்பே. கடைக்காரர் நாலைந்து டப்பாக்களை இறக்கினார். "எடுக்கறதுதான் எடுக்கறீங்க சார், பெருசா எடுங்க. இத்தப் பாருங்க, பன்னண்டு பவரு. இங்கேர்ந்து பாத்தா பரங்கிமலைல இன்னா நடக்குதுன்னு தெரியும்." அது இரண்டு சோடா பாட்டில்களைச் சேர்த்துக் கட்டியதுபோல இருந்தது. தாரா அதை வாங்கி நடுக் கீலை எவ்வளவு மடக்க முடியுமோ அவ்வளவு மடக்கிக் கண்ணில் வைத்தாள்.

"ரெண்டு வட்டமா தெரியறது. ஒண்ணா சேரலை. என் கண்ணுக்கு இது அகலம், மாமா."

"சேரும், சேரும்" என்றான் அண்ணா. "வளர்ற பொண்ணு. ரெண்டு வருஷத்துல முகம் பெருசாயிடும்."

"சீசன் நவம்பர்ல."

"எட்டு பவரைவிடப் பன்னண்டு ஜாஸ்தியா இல்லையா? விலையில வித்தியாசம் கொஞ்சம்தான். அப்புறம் என்ன?"

வளர்ற பொண்ணு என்பதை நான் எங்கே கேட்டேன் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இதே பஜாரில், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஜூன் மாதம், அப்பா எங்கள் இருவருக்கும் பள்ளிக்கூட ஷூ வாங்குவார். எப்போதும் ஒரு அளவு பெரிசு. முன்னால் பஞ்சு அடைத்துக்கொண்டு முதல் வருடம் தடுக்கி விழுவோம். இரண்டாம் வருடம் சரியாக இருக்கும்போது அடி தேய்ந்திருக்கும். என் யூனிபார்ம் பாவாடையில் மூன்று மடிப்பு இருந்தது. வருடத்துக்கு ஒன்றாகப் பிரிப்பார்கள், பழைய மடிப்பின் கோடு வெளுக்காமல் நிற்கும். அளவான ஒன்றைப் போட்டுக்கொண்டு ஒரு நாள்கூடப் பள்ளிக்கூடம் போனதாக எனக்கு நினைவில்லை. கண்ணுக்கும் பஞ்சு அடைக்கலாம் என்று அண்ணா நினைத்தானோ என்னவோ, பன்னிரண்டு பவரையே பேரம் பேசி, தன் கைக்காசில் வாங்கி, தாரா கழுத்தில் மாட்டிவிட்டான். வீட்டுக்குள் விடமாட்டானாம், பரிசு மட்டும் கொடுப்பானாம். அந்தக் கனத்தில் அவள் கழுத்து முன்னால் குனிந்தது. அப்படியே ஆட்டோவில் ஏறினாள்.

அடுத்த நாள் மத்தியானம், அவன் வாங்கித் தந்ததைப் பெட்டியில் வைத்துவிட்டு, அவனுக்குத் தெரியாமல் நாங்கள் இருவரும் மட்டும் கடைக்குப் போனோம். கடைக்காரர், "இன்னா மேடம், அண்ணன் அவ்ளோ அடிச்சுப் பேசி வாங்கினு போனாரு" என்று சிரித்தார். தாரா தானே கேட்டாள். எட்டு பவர், சின்னது, மழைக்குத் தாங்குவது. அவர் தேடிக் கொடுத்த மூன்றையும் வரிசையாக மேஜையில் வைத்தாள். கீலை மடக்கினாள். கையால் குலுக்கிக் காதில் வைத்து, உள்ளே எதுவும் ஆடுகிறதா என்று கேட்டாள். வாசலுக்குப் போய் எதிர்க்கடைப் பலகையின் ஓரத்து எழுத்துக்களைப் படித்தாள். ஒற்றைக் கையால் எவ்வளவு நேரம் ஆடாமல் பிடிக்க முடிகிறது என்று பார்த்தாள். இரண்டைத் தள்ளி ஒன்றை எடுத்தாள். அதுதான் மூன்றிலும் விலை குறைந்தது.

"எந்தப் பறவைம்மா பாக்கப் போற?" என்றார் கடைக்காரர்.

தாரா என்னைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து, "மான். அமெரிக்கால வேட்டை" என்றாள்.

"அடேங்கப்பா! ஐய, இங்க அதெல்லாம் செய்யாத கண்ணு, புடிச்சு உள்ள போட்டுருவான்" என்று சொல்லிவிட்டு, ஒரு துடைக்கிற துணியை இலவசமாகப் போட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான். பூமி பிளக்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும், சாமான் எப்படி என்று பார்க்கப் பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போனோம். தூரமாகப் பார்க்க இந்த ஊரில் கடலை விட்டால் வேறு இடம் ஏது? தாரா படகுகளைப் பார்த்தாள், கலங்கரை விளக்கத்தைப் பார்த்தாள். முகத்தில் இந்தப் பயணத்தில் முதல் சிரிப்பு. "ஒரே வட்டம்மா!" என்றாள். நான் வாங்கி என் கண்ணுக்கு அகலப்படுத்தி, மீன் கடைகளின் பக்கம் திருப்பினேன். வரிசையாகத் தட்டு அடுப்புகள், எண்ணெய்ச் சட்டி, பிளாஸ்டிக் ஸ்டூல்கள். ஒரு ஸ்டூலில் அண்ணா உட்கார்ந்திருந்தான்.

டாக்டர் சொல்லி தினமும் நடக்கப் போகிறவன். லைட் ஹவுஸ் வரைக்கும் என்றுதான் சொல்வான். மடியில் காகிதத் தட்டு. அதில் வறுத்த மீன். வஞ்சிரமா என்னவோ, எனக்கு என்ன தெரியும்? எலுமிச்சையைப் பிழிந்து, முள்ளை நாக்கால் தள்ளி விரலால் எடுத்து ஓரமாக வைத்தான். அது புதுக் கை இல்லை. பல வருடப் பழக்கம் உள்ள கை. கேட்காமலே கடைக்காரம்மா இன்னொரு துண்டைத் தட்டில் வைத்தாள். அப்பாவின் காரியத்துக்கு இன்னும் மூன்று நாள்கூட இல்லை. கொசுவர்த்தி ஏற்ற யோசித்த மனிதரின் பிள்ளை!

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சந்தோஷத்தில் என்றே சொல்கிறேன், மறைக்க என்ன இருக்கிறது? கைப்பையிலிருந்து போனை எடுத்து, கேமராவைப் பைனாகுலரின் கண்ணோடு ஒட்டிப் பிடித்தேன். ஒரே ஒரு படம் போதும். குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரு தட்டு. அப்புறம் யார் வீட்டுக்குள் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று அவன் வாயைத் திறக்கட்டும். திரையில் அவன் முகம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டிருந்தான். திடீரென்று திரை இருண்டது. தாராவின் உள்ளங்கை குழலின் முன்னால் இருந்தது.

"கையை எடு."

"மாட்டேன். அவருக்கு நாம இங்க இருக்கறது தெரியாதும்மா."

"தெரியாததுதான் வசதி! உன்னை வெளில நிறுத்தறான்டி அவன்."

"தெரியும். ஆனா கேரன் சொல்லுவா, பார்த்ததெல்லாம் உன்னோடதாயிடாது. கீழ வைம்மா, ப்ளீஸ்."

என்னோடு சண்டை போட அவளுக்கு உயரம் போதாது. ஆனாலும் கையை எடுக்கவே இல்லை. தூரத்தில் அண்ணா எழுந்தான். பிளாஸ்டிக் சொம்பில் தண்ணீர் வாங்கிக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். விரலை முகர்ந்தான். மறுபடி கழுவினான். பாக்குப் பொட்டலத்தைக் கிழித்து வாயில் கொட்டிக்கொண்டு, வீட்டுப் பக்கம் திரும்பி வேகமாக நடந்தான். நான் விமானம் ஏறிக் கடந்த தூரத்தை இவன் தினமும் செருப்புப் போட்டுக்கொண்டு கடந்து, இருட்டுவதற்குள் திரும்பிவிடுகிறான். போனைப் பைக்குள் போட்டேன். பெருந்தன்மையால் இல்லை. பெண்ணிடம் தோற்றதால்.

காரியத்தன்று நான் போகவில்லை. "நீ வரலாமே" என்று மன்னி இரண்டு முறை போன் பண்ணினாள். பேத்தியை வெளியே நிறுத்திவிட்டு நான் மட்டும் உள்ளே போய் அப்பாவை எந்த முகத்தோடு சேவிப்பது? தி. நகர் ஹோட்டலின் ஏசி அறையில் மூச்சு முட்டியது, மொட்டை மாடிக்குப் போனோம். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் தாரா பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தாள். அங்கே முடியும் வரை சாப்பிட மாட்டேன் என்று அவளாகவே சொல்லியிருந்தாள். அப்பா இறந்தபோது வராதவள், அப்பா வரும் நாளிலும் வராதவள் என்று என் பெயர் இனி எங்கள் சொந்தத்தில் நிலைக்கும். நிலைக்கட்டும்.

மத்தியானம் நன்றாகத் திரும்பிய பிறகு அண்ணா கூப்பிட்டான். குரல் கம்மியிருந்தது. "எல்லாம் ஆச்சு. காக்காய் வர மாட்டேங்கறது. மாடியில பிண்டத்தை வெச்சுட்டு எல்லாருமா கூப்பிட்டுண்டே இருக்கோம். ஒண்ணுகூட இறங்கலை. எதிர் பில்டிங்ல உக்காந்துண்டு பார்க்கறது. அப்பா என் மேல ஏதோ கோவமா இருக்கார்னு தோணறது." பின்னால் ஒரு பட்டாளமே கா கா என்று கத்திக்கொண்டிருந்தது. கோபத்துக்குக் காரணம் என் நாக்கு நுனியில், எலுமிச்சை பிழிந்து, தயாராக இருந்தது. "அதுக்கு என்ன காரணமா இருக்கும்னு நினைக்கறே, அண்ணா?" என்று ஆரம்பித்துவிட்டேன். தாரா என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"மாமா, எல்லாரும் உள்ள போங்கோ. யாரும் கத்தாதீங்கோ. கையை ஆட்டப்படாது. நீங்க மட்டும் கதவு பக்கம் உக்காருங்கோ. அதை நேரா பார்க்காதீங்கோ. பார்த்தா அதுக்குத் தெரியும்."

வைத்துவிட்டான் என்றே நினைத்தேன்.

"எத்தனை நேரம்டி கொழந்தே?"

"அது வர வரைக்கும்."

அண்ணா யாரையோ அதட்டுவது கேட்டது. கதவு சாத்தப்பட்டது. அப்புறம் போனில் வெறும் காற்றுச் சத்தம். அபிராமபுரத்தில் ஒருவன், தி. நகரில் இரண்டு பேர், ஒரு காக்காய்க்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கால் மரத்துப் போனது. நகரலாமா என்று பார்த்தேன், தாரா கண்ணாலேயே அடக்கினாள். அப்புறம், சுவரோடு பேசுகிறவன்போல, அண்ணாவின் குரல் கிசுகிசுத்தது.

"வந்துடுத்து. சாப்பிடறது. அப்பா சாப்பிடறார்டி."

அழுகிறான் என்று தெரிந்தது. நானும்தான். வா என்று சொல்வான் என்று காத்திருந்தேன். தாராவும் காத்திருந்தாள், போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அவன் மூக்கை உறிஞ்சினான். "சரி, வெச்சுடறேன். பந்தி போடணும்" என்றான். இணைப்பு போய்விட்டது.

தாரா போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பைனாகுலரை எடுத்தாள். "மாமா வீடு எந்தப் பக்கம்மா?" என்று கேட்டாள். இந்த ஊரில் பிறந்தவள் நான். கையை நீட்டினேன். பாதியில் நின்றுவிட்டது. நாலா பக்கமும் உயர உயரமாகக் கட்டிடங்கள், கிரேன்கள், தொட்டிகள். குத்துமதிப்பாக ஒரு பக்கம் காட்டினேன். வெகு நேரம் பார்த்தாள். "ஒண்ணுமே தெரியலையே. நீ பாரு" என்று என்னிடம் நீட்டினாள். குழலை என் கண்ணுக்கு அகலப்படுத்திக்கொண்டு நானும் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"தெரியறது" என்றேன்.